உன் மேனேஜரின் பல்லைப் பிடுங்கிவிட்டேன்

இன்று காலை கடையின் ஷட்டரைத் தூக்கியபோது உள்ளேயிருந்து பெப்பர்மின்ட் வாசனை வந்தது. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் இந்த எவர்சில்வர் பாத்திரக் கடையை நான் திறந்து மூடத் தொடங்கிய காலத்திலிருந்து ஷட்டருக்குப் பின்னால் அட்டைப்பெட்டி வாசனையும் எலி வாசனையும்தான் குடியிருந்தன. குனிந்து பார்த்தேன். கல்லாவுக்கு அடியில் உன் நாய் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். ஈறில் காலையும் மாலையும் தடவச் சொல்லி டாக்டர் கொடுத்த மருந்தின் மணம் அது. உலகம் உண்டான நாளிலிருந்து எந்த நாயின் வாயும் இப்படி மணந்ததில்லை. நேற்று குக்கர் வாங்க வந்த ஒரு அம்மாள், கடைக்கு என்ன ஊதுவத்தி ஏற்றுகிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஈறில் எதற்கு மருந்து என்கிறாயா? உன் மேனேஜரின் பல்லைப் பிடுங்கிவிட்டேன். மேல் வரிசையில் இடது பக்கம், பின்னால் இருக்கும் பெரிய பல். எலும்பை உடைக்க ஆண்டவன் நாய்க்குக் கொடுத்த கோடாலி. உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று பயந்து கேட்காமல் விட்டதாக நினைக்காதே. நீ செத்துப் போய்விட்டாய், அதனால் கேட்கவில்லை. நீ இருக்கும் இடத்தில் புகார்ப் பெட்டி இருந்தால் எழுதிப் போடு. அதற்கு முன் நடந்ததைக் கேட்டுக்கொள்.

நீ வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடிப் பல வருஷம் கழித்து, கோரமண்டல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து சட்டைக்குள் ஒரு குட்டியைப் பொதிந்துகொண்டு என் கடைக்கு வந்தாய். பெயர் என்ன என்று கேட்டேன். "மேனேஜர்" என்றாய். "அண்டர்கிரவுண்ட்ல இருந்த வரைக்கும் மேனேஜர் சொன்னாரு, நான் உக்காந்தேன், எழுந்தேன். இனிமே நான் சொல்றேன், மேனேஜர் உக்காரட்டும்." அன்றிலிருந்து தெருவே கேட்க, "மேனேஜர், உக்காரு" என்று நீ போட்ட சத்தம் பங்காரப்பேட்டை ஜங்ஷனில் ரயிலை நிறுத்தியது. நாய் மட்டும் உட்காரவில்லை. "இவனும் ஒரிஜினல் மேனேஜர்தான் முதலாளி, தொழிலாளி சொன்னா கேப்பானா" என்று நீயே தீர்ப்பும் சொல்லிவிட்டாய்.

ஆனால் ஒரு வேலையை அவனுக்குப் பழக்கிவிட்டாய். அதுதான் இத்தனை வினைக்கும் காரணம். குற்றவாளி நீதான் என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பாலகாட் பழைய சுரங்கத்துப் பக்கம் அவனை நடக்கக் கூட்டிப்போவாய். வெள்ளைக் கல் ஒன்றை எறிவாய். அவன் கவ்விக்கொண்டு வருவான். நீ அதை வாங்கி, இன்னொரு கல்லால் தட்டி, காதருகில் வைத்து, கண்ணை மூடி, பிறகு நீதிபதி போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாய்: "இதுல ஒண்ணும் இல்ல. வேற கொண்டா." அவன் ஓடுவான். இந்த ஊரில் இன்னும் சம்பளமில்லாமல் தங்கம் தேடிக்கொண்டிருந்த கடைசி ஊழியன் அவன்தான்.

நீ போன பிறகு அவன் வேலையை விடவில்லை. உன் மகள் ஸ்டெல்லா விடியும் முன்பே பெங்களூரு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள், இருட்டிய பிறகு திரும்புகிறவள். அதனால் நாய் என்னிடம் வந்தான். தினமும் எங்கேயோ போய் ஒரு கல்லைக் கவ்விவந்து என் கடை வாசலில் நின்றான். தட்டிப் பார்த்துச் சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டான். நானோ வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைவிட ஆழமான இடத்துக்கு இறங்கியறியாதவன். இருந்தாலும் தட்டிப் பார்த்து, "வேற கொண்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் கல் குவிந்து குவிந்து இமயமலையின் சின்னத் தம்பி ஒன்று உருவாயிற்று. வியாபாரம் நடக்கும் நேரத்தில் அவன் வந்தால் காத்திருப்பான். காத்திருக்கும்போது சும்மா இருக்க மாட்டான். கல்லைக் கடிப்பான். ஒரு நாள் கல் ஜெயித்துவிட்டது.

கண்டுபிடித்தது தேவராஜ். உன்னோடு ஒரே ஷிப்டில் இருந்தவன், இப்போது என் கடை பெஞ்சில் ஓசிப் பேப்பர் படிக்கும் ஷிப்டில் இருக்கிறான்.

"முதலாளி, இவன் வாயில இன்னாமோ ஆடுது பாரு."

உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். பெரிய பல்லின் வெளிப்பக்கம் பலகை போலப் பிளந்து ஈறில் தொங்கிக்கொண்டிருந்தது. தேவராஜ் விரலால் தொட்டான், அது கையோடு வந்துவிட்டது. மிச்சப் பல்லின் நடுவில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. மேனேஜர் ஒரு சத்தமும் போடவில்லை. வாலை ஆட்டினான்.

இந்த இடத்தில் உலகத்தில் வேறு எந்த ஊரானாக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பான். நாங்கள் உன் சிஷ்யர்கள். சுரங்கத்தில் கை வைக்கும் முன்னே இரும்புக் கம்பியால் தலைக்கு மேலே பாறையைத் தட்டிப் பார்ப்பீர்களே. கணீரென்று கேட்டால் கெட்டி, தொம்மென்று கேட்டால் உள்ளே வெற்றிடம், ஓடு. அந்த ஒரு பழக்கத்தால் உயிரோடு மேலே வந்தவன் நீ. அதனால் மேலே வந்த பிறகும் எதையும் தட்டாமல் நம்பியதில்லை. என் கடையில் ஒரு அண்டாவைக்கூட விட்டுவைத்ததில்லை. சந்தையில் தர்ப்பூசணியைத் தட்டினாய். ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வந்த பையனைக் கட்டிப்பிடிக்கிற சாக்கில் முதுகில் தட்டிவிட்டு, என் காதில் "கெட்டிதான்" என்றாய். "நம்ம கிட்ட எதுவும் பொய் சொல்லாது முதலாளி, தட்டத் தெரியணும்" என்பாய்.

ஆக, விற்பனைக்கு இருந்த ஸ்பூன்களில் கனமான ஒன்றை எடுத்தேன். தேவராஜ் தாடையைப் பிடித்துக்கொண்டான். காம்பால் தட்டினேன்.

டிங்.

"இன்னொரு தபா" என்றான் தேவராஜ். தட்டினேன். கோயில் மணி தோற்றது.

"கெட்டி. ஒண்ணும் ஆவாது. ஒரு செதில் வுட்டிருக்கான், அவ்ளோதான்." டீ வரவழைத்துக் குடித்தோம். மேனேஜருக்கு பிஸ்கட் போட்டோம். தின்றான். தின்கிறான், பிறகென்ன என்று விட்டுவிட்டோம்.

கொஞ்ச நாளில் நாற்றம் ஆரம்பித்தது. சாதாரண நாற்றமா அது? அவன் கொட்டாவி விட்டால் எதிர்க்கடைப் பூக்காரியின் மல்லிகை வாடியது. குக்கர்கள் அடுப்பில்லாமலே விசில் அடித்தன. எலிகள் குடும்பத்தோடு வெளியேறிப் பக்கத்து ஜவுளிக்கடையில் அடைக்கலம் புகுந்தன. அப்புறம் ஒரு நாள் அவன் இடது கண்ணுக்குக் கீழே எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது.

ஊர் மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா சின்னப் பெண், கன்னடத்தோடு தமிழ் பேசுகிறவள். உதட்டைத் தூக்கினாள், முகர்ந்தாள், என்னைப் பார்த்தாள். எங்கள் தட்டல் பரிசோதனையைப் பெருமையோடு விளக்கினேன். ஸ்பூன் எந்தக் கம்பெனி என்பதுவரை சொன்னேன்.

"தட்டினீங்களா" என்றாள்.

"கணீர்னு கேட்டுச்சும்மா."

"கேக்கும் அங்கிள். பல்லு வெளிய கெட்டிதான். உள்ள நரம்பு செத்துப் போச்சு. வேர்ல சீழ் பிடிச்சு, அதுதான் கண்ணு கீழ வந்து நிக்குது. இனிமே தட்ட பேடா, ப்ளீஸ்."

"ஆனா சாப்பிடறானே."

"வலிச்சாலும் சாப்பிடும். அந்தப் பக்கம் விட்டுட்டு இந்தப் பக்கமா மெல்லும். நாய் சொல்லாது அங்கிள், மறைக்கும்."

உடைந்த உடனே வந்திருந்தால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றியிருக்கலாமாம். இப்போது பிளவு ஈறுக்குக் கீழேயே இறங்கிவிட்டது. எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பல்லுக்கு மூன்று வேராம். அப்படியே இழுத்தால் தாடை எலும்பு போகும், துண்டாக வெட்டி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்து அதைச் செய்ய பெங்களூரு போக வேண்டும். முழு மயக்கம் கொடுக்க வேண்டும். வயசான நாய், அதனால் முன்னாடியே ரத்தமும் இதயமும் பார்க்க வேண்டும். வீக்கம் வடிய மாத்திரை தந்தாள். "வீக்கம் போயிடும். போயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. திரும்பி வரும்."

வீக்கம் போயிற்று. கட்சி கட்டத் தொடங்கியது என் பெஞ்ச்.

"வேணாம் முதலாளி" என்றான் தேவராஜ். "அவன் இருந்தா வுட்டிருப்பானா? பில்லர்ல கைய வெக்காதேன்னு எத்தினி தபா சொல்லிக்கீறான்."

சொன்னாய்தான். சுரங்கத்தில் கூரை உட்காராமல் தாங்குவதற்கென்று வெட்டாமல் விட்டுவைக்கும் பாறைத் தூண்களைப் பற்றி நீ பேசாத நாளில்லை. "எடுக்கறது சுலபம். திருப்பி வெக்கிறதுக்கு ஆள் இல்ல." உன் வாயில் இருந்த சொத்தைப் பல்லைக்கூடப் பிடுங்க விடாமல் இதே தத்துவத்தைச் சொல்லி, ஒரு மூட்டை கிராம்பை வாயிலேயே கரைத்தவன் நீ.

"நாய் வாயில கூரை எங்கேடா கீது" என்று கேட்டேன்.

"இன்னிக்கு இத்த எடுப்பே. அப்பால பக்கத்துல இருக்கறது ஆடும். அப்பால தாடையே தொங்கிடும். நான் பாத்துகீறேன்."

"எங்க பாத்தே?"

"அண்டர்கிரவுண்ட்ல, பதினெட்டாவது லெவல்ல."

தேவராஜை நான் சமாளிப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வந்தாள். அவளைச் சமாளிக்க என்னிடம் சரக்கில்லை.

தரையில் உட்கார்ந்து மேனேஜரின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் டாக்டர் சொன்னதை என் பாணியில் சொன்னேன். பல்லை எடுக்க அமெரிக்காவிலிருந்து ஒரு ராணுவமே வருகிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"மாத்திரையிலயே வீக்கம் போயிடுச்சே மாமா."

"திரும்பி வருமாம்."

"வந்தா மறுபடி மாத்திரை குடுக்கலாம்."

"எவ்ளோ நாளைக்கும்மா?"

அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்பாவுக்கும் சின்ன ஆபரேஷன்னுதான் சொன்னாங்க. மயக்க ஊசி போட்டு உள்ள கூட்டிகினு போனாங்க. நான் டாட்டா காட்டுனேன் மாமா. அவர் எழுந்துக்கவே இல்ல." அவன் தலையை மடியில் இன்னும் இழுத்துக்கொண்டாள். "வீட்ல அப்பா கொரல் கேட்டா ஓடுனது நானும் இவனும்தான். இவன் போயிட்டா நான் மட்டும்தான்."

தேவராஜ் பேப்பரை மடித்துவிட்டுத் தெருவைப் பார்த்தான். பொய் சொல்வதில் இந்த ஜில்லாவில் எனக்கு நிகர் கிடையாது என்று நீயே சான்றிதழ் கொடுத்திருக்கிறாய். அன்றைக்கு ஒரு பொய்கூட வரவில்லை. நாய் எழுந்துகொள்வான் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? எழாமல் போகலாம். ஸ்டெல்லாவுக்கு என் முகத்தில் அது தெரிந்திருக்கும்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல்? உன்மேல்.

இதே பெஞ்சில் உட்கார்ந்து நீ இட்லி தின்ற அந்தக் கடைசி மாதங்கள் ஞாபகத்துக்கு வந்தன. உன் சட்டை தோளிலிருந்து வழிந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டால், "இன்னாய்யா, சாப்ட்டுகினுதானே கீறேன்" என்று இன்னும் ஒரு இட்லியை எடுத்துப் போட்டுக்கொள்வாய். எனக்குக் காட்டவே தின்றாய். நான் பாத்திரம் எடுக்கத் திரும்பும்போது வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொள்வாய். அண்டாவின் வயிற்றில் உன் நிழல் குனிவதைப் பார்த்திருக்கிறேன். நான் நிமிர்ந்து பார்த்தால் நீயும் நிமிர்ந்துவிடுவாய், ஒரு ஜோக் சொல்வாய். தட்டிப் பார்த்தால் எதுவும் பொய் சொல்லாது என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவன், நாங்கள் தட்டிய இடத்திலெல்லாம் கணீரென்று ஒலித்தாய். ஆபரேஷன் டேபிளுக்குப் போகும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருந்தது. உன்னைக் கொன்றது மயக்க ஊசி இல்லை மகாராஜா. சொல்லாமல் தின்ற இட்லி.

இதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "உங்கப்பன் வலிய மறைச்சு சாப்ட்டான், நாம நம்பிகினு இருந்தோம். இவனும் அதையே பண்றான். ஒரே வித்தையில ரெண்டு தபா நான் ஏமாற மாட்டேன்ம்மா" என்றேன்.

மேனேஜர் அவள் விரலை நக்கினான். அந்த நாற்றத்தில் அவள் முகத்தைத் திருப்பவில்லை என்பதைப் பார்த்தபோதுதான், அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"நீங்களே கூட்டிகினு போங்க மாமா. நான் வர மாட்டேன். என்னால இன்னொரு கதவு முன்னாடி நிக்க முடியாது."

"சரிம்மா."

"அப்பா திட்டுவாரு உங்கள."

"திட்டட்டும். நேர்ல வந்து திட்டச் சொல்லு."

குறித்த நாளில் வாடகை வேனில் அவனை ஏற்றினேன். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி போடச் சொல்லியிருந்தார்கள். ஒரு ரொட்டித் துண்டுக்காக அவன் என்னைப் பார்த்த பார்வையில் கருங்கல் கரைந்து கோலார் வரை ஓடியது. நான் கரையவில்லை. வேன் கிளம்பும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஸ்டெல்லா ஏறினாள். ஆபீஸ் பையோடுதான் வந்திருந்தாள். "ரயில் போயிடுச்சு" என்றாள். ரயில் கண்ணெதிரே நின்றிருக்கும், இவள்தான் போகவிட்டிருப்பாள். நான் கேட்கவில்லை.

பெங்களூருவில் அந்த மிருக ஆஸ்பத்திரி வரவேற்பில் பெயர் கேட்டார்கள். "மேனேஜர்" என்றேன். "சார், உங்க வேலை இல்ல, பேஷண்ட் பேரு." "அதான்மா. மேனேஜர்." அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு உரக்கக் கூப்பிட்டாள். அங்கே நிஜமாகவே மேனேஜராக இருந்த ஒருவர் எழுந்து வந்தார். உன் லட்சியம் நிறைவேறியது, ஒரு மேனேஜர் கூப்பிட்டதும் எழுந்தார்.

அவனை உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்டெல்லா டாட்டா காட்டவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை. உன்னைப் பற்றி அளந்தேன். பாறை சரிந்தபோது நீ தலையாலேயே கூரையைத் தாங்கி, கையால் டிபனை முடித்துவிட்டு, ஷிப்ட் மாறும்வரை நின்றாய் என்றேன். அதனால்தான் உன் உச்சந்தலை தட்டையாக இருந்தது என்றேன். "மாமா, அது வழுக்கை" என்றாள். ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

பல் வந்துவிட்டது, மூன்று வேரும் முழுசாக வந்தன, தையல் போட்டாயிற்று என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவன் எழவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுங்கள், வயசான உடம்பு என்றார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். துணி போர்த்திக் கிடந்தான். நாக்கு ஓரமாகத் தொங்கியது. ஸ்டெல்லா அவன் பெயரைச் சொன்னாள். ஒன்றுமில்லை. இன்னொரு முறை சொன்னாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்திலும் சொல்கிறேன், நான் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. பயம் இருந்தது. நீ விட்டுப்போன பயம் அது, எனக்கும் பங்கு வைத்திருக்கிறாய். ஆனாலும் அவனைத் திரும்ப வீங்கிய கண்ணோடு என் வாசலில் நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

குனிந்து அவன் கால் நகத்தைத் தொட்டேன். கண் திறப்பதற்கு முன்னால் உறுமல் வந்தது. மெல்லிய, குடிகார உறுமல். என்னைப் பார்த்து அவன் வாழ்நாளில் உறுமியதில்லை. பிறகு மேலுதடு தூக்கி மிச்சப் பற்கள் எல்லாவற்றையும் காட்டினான். கடிக்கவும் ஒருமுறை முயன்றான். குறி தவறித் துணியைக் கடித்தான். எனக்கு யாராவது மாலை போட்டிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. ஸ்டெல்லா முகத்தைக் கயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் தட்டிப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு தேவராஜ் என்னோடு பேசவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான், பேப்பர் படித்தான், பேசவில்லை. மேனேஜரின் தாடை தொங்குகிறதா என்று தினமும் குனிந்து பார்த்தான். தொங்கவில்லை. பிறகு ஒரு நாள் வீட்டிலிருந்து ஈரலை வேகவைத்து மசித்து எடுத்துவந்தான். "கெட்டியா போடாதே, தையல் கீது" என்று எனக்கே புத்தி சொன்னான். வாசலில் இருந்த இமயமலையை நானும் அவனும் சேர்ந்து வண்டியில் ஏற்றி அனுப்பினோம். இனி கல் கிடையாது. உன் சர்வீஸிலிருந்து அவனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். அதற்கும் உன் அனுமதி கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பிடுங்குவதற்கு முன்னால் அவன் எப்படிப் படுப்பான் என்று நான் கவனித்ததே இல்லை. இப்போது மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் வருகிறான், என் பக்கத்தில் விழுகிறான், இடது கன்னத்தை என் பாதத்தின் மேல் முழுசாக வைத்துத் தூங்குகிறான். அந்தக் கன்னத்தைத் தரையில் வைக்காமல் எத்தனை நாள் இருந்தான் என்று யோசித்தால் எனக்கு மறுபடி கோபம் வருகிறது. அவன்மேல் இல்லை. அந்தக் கோபத்தை நான் ஆற விடப்போவதில்லை. நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். இனி என் முன்னால் யாராவது தட்டை வழித்துச் சாப்பிட்டு, "நல்லாத்தான் கீறேன்" என்றால், சட்டையைப் பிடித்து உட்கார வைத்து இன்னொரு முறை கேட்பேன். தேவராஜை ஏற்கெனவே கேட்டாயிற்று. போன வாரம் அவனை இழுத்துக்கொண்டு போய் நெஞ்சுக்குப் படம் எடுத்துவந்தேன். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நன்றாகத் திட்டினான்.

இதை எழுதும்போது ஒரு கல்யாண வீட்டார் வந்து நிற்கிறார்கள். மேல் தட்டில் இருக்கும் பெரிய அண்டா வேண்டுமாம். ஏணி அந்த மூலையில் இருக்கிறது, நீங்களே ஏறி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பாத்திரக்காரனுக்கு இவ்வளவு திமிரா என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பாதத்தின் மேல் மேனேஜரின் தலை கனமாக இருக்கிறது, கால் மரத்துப்போய்விட்டது. நகர்த்த மாட்டேன்.